மேலவை எதற்கு? சட்டமியற்றலிலும் சீர்திருத்தத்திலும் இரண்டாம் அவையின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலவையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதை ஒழிக்க வேண்டும் என்பாருக்கும் அதைத் தொடவே கூடாது என்பாருக்கும் இடையிலான வழக்காகவே முடிந்துவிடுகிறது. அந்த அவை நாள்தோறும் என்ன வேலை செய்கிறது, எந்த அதிகாரத்தை வைத்துச் செய்கிறது, அதை மாற்ற முயன்றவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்ற கேள்விகள் அந்த வழக்கில் அடிபட்டுப் போகின்றன. அவற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

மேலவை என்று எதைக் குறிப்பிடுகிறோம்? எல்லா நாடுகளிலும் அது உண்டா?

ஒரு நாடாளுமன்றம் இரண்டு அவைகளைக் கொண்டிருக்கும்போது, அரசை நிலைநிறுத்தவும் கவிழ்க்கவும் வல்ல அவையைக் கீழவை என்றும் மற்றதை மேலவை என்றும் கொள்வது வழக்கம். இந்தியாவின் மாநிலங்களவை, பிரிட்டனின் பிரபுக்கள் சபை, கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் செனட்டுகள், ஜப்பானின் ஆலோசகர் அவை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இத்தாலி விதிவிலக்கு, அங்கே அரசு இரு அவைகளின் நம்பிக்கையையும் பெற்றிருக்க வேண்டும். நியூசிலாந்து, சுவீடன், டென்மார்க், நார்வே, இலங்கை ஆகிய நாடுகள் இன்று ஓரவையுடன் இயங்குகின்றன.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த அவை ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இக்கேள்வி பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே கூர்மையாகக் கேட்கப்பட்டுவிட்டது. இரண்டாம் அவை முதலாவதோடு உடன்பட்டால் அது வேண்டாதது, முரண்பட்டால் அது தீங்கானது என்ற வாதம் அக்காலத்துச் சிந்தனையாளர் சியேயெஸின் பெயரால் வழங்குகிறது. கேட்பதற்கு விடையே இல்லாத வாதம் போலத் தோன்றினாலும், உடன்படுவது, முரண்படுவது என்ற இரண்டைத் தவிர வேறொன்றும் ஓர் அவையால் செய்ய முடியாது என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. நடைமுறையில் மேலவையின் பெரும்பகுதி வேலை இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது: மசோதாவின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு அதன் வாசகத்தைத் திருத்துவது, அமைச்சர் விளக்காமல் விட்டதை விளக்கச் செய்வது, அவசரம் உண்மையானதுதானா என்று கேட்பது.

இந்திய அரசியல் நிர்ணய சபையில் 1947 ஜூலையில் இரண்டாம் அவையை ஆதரித்துப் பேசிய என். கோபாலசாமி அய்யங்காரும் இந்த நடுநிலத்தையே சுட்டினார். முக்கியமான பிரச்சினைகளில் கண்ணியமான விவாதம் நடப்பதும், கணநேர உணர்ச்சிவேகத்தில் பிறக்கும் சட்டங்கள் அவ்வேகம் தணியும்வரை சற்றே தாமதப்படுவதும்தான் அவர் அந்த அவையிடம் எதிர்பார்த்தவை.

நாடாளுமன்ற முறைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. அதிபர் ஆட்சிமுறையில் நிர்வாகமும் சட்டமன்றமும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்த முடியும். நாடாளுமன்ற முறையிலோ, கீழவையில் பெரும்பான்மை பெற்றவர்களே அரசை அமைக்கிறார்கள். கொறடாவின் கட்டளை அந்தப் பெரும்பான்மையைக் கட்டிக் காக்கிறது. ஆகவே அரசைக் கேள்வி கேட்க வேண்டிய அவை, அரசைத் தாங்கிப் பிடிக்கும் அவையாகவும் இருக்கிறது. இந்த இரட்டைப் பொறுப்பு இல்லாத ஓர் அவை, தன் வாக்கால் அரசு கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சமின்றி, ஒரு மசோதாவை அதன் தகுதியை மட்டும் வைத்துப் பார்க்க முடியும். மேலவைக்கு ஆதரவான காரணங்களில் மிக வலுவானது இதுதான் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

உறுப்பினர்கள் எப்படி வருகிறார்கள்?

ஒரே விதி கிடையாது. ஆஸ்திரேலியாவின் 76 செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு மாநிலங்களுக்கும் தலா 12 இடங்கள், இரண்டு ஆட்சிப்பகுதிகளுக்குத் தலா 2 இடங்கள். இந்தியாவில் 245 உறுப்பினர்களில் 233 பேரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும், சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதிகளின் உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்க, 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; பதவிக்காலம் ஆறு ஆண்டுகள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவதால் அவை ஒருபோதும் கலைவதில்லை. கனடாவின் 105 செனட்டர்கள் பிரதமரின் பரிந்துரைப்படி நியமிக்கப்பட்டு 75 வயதுவரை பதவியில் இருக்கிறார்கள். நெதர்லாந்தின் மேலவையை மாகாண மன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. ஜெர்மனியின் பூந்தெஸ்ராட்டில் தனித் தேர்தலே இல்லை. மாநில அரசுகளின் அமைச்சர்களே அங்கு அமர்கிறார்கள்.

ஒரு மசோதா மேலவைக்கு வந்ததும் உண்மையில் என்ன நடக்கிறது?

நாளிதழ்களில் இடம்பெறுவது தோற்கடிப்பும் வெளிநடப்பும்தான். ஆனால் மேலவையின் உழைப்பில் பெரும்பகுதி செய்தியாகாத இடத்தில் நடக்கிறது. கீழவையில் அரசியல் காரணங்களால் ஒரே மூச்சில் நிறைவேறிய மசோதாவில், ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு மோதலாம். வரையறை தேவைக்கு மேல் விரிந்திருக்கலாம். விதிகள் வகுக்கும் அதிகாரம் எல்லையின்றி அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம். பிரபுக்கள் சபையில் ஏற்கப்படும் திருத்தங்களில் பெரும்பாலானவை அரசே கொண்டுவருபவை என்பதை அறிந்தால் பலர் வியப்பார்கள். அவற்றுள் பல, அந்த அவை உறுப்பினர் ஒருவர் குழுநிலையில் எழுப்பிய ஐயத்தை ஏற்றுக்கொண்டு, அமைச்சர் அடுத்த கட்டத்தில் தம் பெயரில் கொண்டுவருபவை. வாக்கெடுப்புக் கணக்கில் இது அரசின் வெற்றியாகவே பதிவாகும். திருத்தத்துக்கு வித்திட்டவர் யார் என்பது அவைக் குறிப்பைத் தேடிப் படிப்பவருக்கே தெரியும்.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசியலமைப்புத் திருத்தம். 2015 மே மாதத்தில் மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தன் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குப் பரிமாற்றத்தின் மீது ஒரு விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க முதல் வரைவு இடமளித்திருந்தது. ஒரே சந்தை என்ற நோக்கத்தையே அது கெடுக்கும் என்ற எதிர்ப்பு வலுத்தது. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவை நிறைவேற்றிய வடிவத்தில் அந்தக் கூடுதல் வரி இல்லை. மாறிய வாசகத்தை மக்களவை மீண்டும் ஏற்றுக்கொண்டது. ஓராண்டுக்கு மேல் தாமதமானது உண்மை. அந்தத் தாமதத்தில் ஒரு குறை நீங்கியதும் உண்மை. லோக்பால் மசோதாவும் 2011 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவில் மாற்றம் பெற்று, 2013 டிசம்பரில்தான் இரு அவைகளையும் கடந்தது.

மேலவை ஒரு மசோதாவைத் தடுத்துவிட முடியுமா, தாமதப்படுத்த மட்டும் முடியுமா?

இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1911ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் பிரபுக்கள் சபையின் முழுத் தடையதிகாரத்தை ஏறக்குறைய இரண்டு ஆண்டுத் தாமதமாகக் குறைத்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஓராண்டாக்கியது. இச்சட்டங்களின் துணையோடு பிரபுக்களின் இசைவின்றியே நிறைவேறியவற்றுள் 2004ஆம் ஆண்டு வேட்டைத் தடைச் சட்டம் பலரும் அறிந்தது. ஆனால் இந்த வழி மிக அரிதாகவே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஓராண்டு காத்திருப்பதைவிட விட்டுக்கொடுப்பது அரசுக்கு மலிவாகத் தெரிவதே அதற்குக் காரணம். தாமத அதிகாரத்தின் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஜப்பானில் ஆலோசகர் அவை நிராகரித்த மசோதாவைக் கீழவை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு மீண்டும் நிறைவேற்றலாம். அந்தப் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு மேலவையின் மறுப்பு ஏறக்குறைய இறுதியானதே. அயர்லாந்தின் செனட் பொதுவாக 90 நாட்கள் மட்டுமே தாமதப்படுத்த முடியும். பிரான்சில் அரசு கேட்டுக்கொண்டால் கீழவையான தேசிய அவையின் சொல்லே இறுதி. நெதர்லாந்தின் ஏற்பாடு விசித்திரமானது: மேலவைக்குத் திருத்தும் உரிமை கிடையாது, முழுதாக ஏற்கலாம் அல்லது முழுதாக நிராகரிக்கலாம். அதனால் அங்கே உறுப்பினர்கள், இன்ன குறையைச் சரிசெய்யும் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவருவதாக உறுதி தந்தால்தான் இதற்கு வாக்களிப்போம் என்று அமைச்சரிடம் பேரம் பேசும் வழக்கம் வளர்ந்தது. எழுத்தில் இல்லாத திருத்த உரிமையைத் தடையதிகாரத்தின் வழியாகவே அவர்கள் ஈட்டிக்கொண்டார்கள்.

பண மசோதாவில் மேலவைக்கு ஏன் இடம் குறைவு?

வரி விதிப்பதும் செலவை அனுமதிப்பதும் மக்களின் நேரடிப் பிரதிநிதிகளுக்கே உரியவை என்ற பழைய கொள்கையே காரணம். பிரிட்டனில் 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் நிராகரித்ததுதான் 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதன்பின் பண மசோதாவை அவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்க முடியாது. இந்திய மாநிலங்களவைக்குக் கிடைப்பது 14 நாட்கள். அதுவும் பரிந்துரை செய்ய மட்டுமே.

கொள்கை தெளிவானது, எல்லைதான் தகராறுக்கு உரியது. ஒரு மசோதா பண மசோதாவா என்று சான்றளிப்பவர் கீழவையின் தலைவர். மேலவையில் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு அந்தச் சான்று ஒரு குறுக்குவழியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. 2016இல் ஆதார் சட்டம் பண மசோதாவாக நிறைவேற்றப்பட்டது. மாநிலங்களவையின் பரிந்துரைகளை மக்களவை ஏற்கவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்றுக்கொண்டபோது, நீதிபதி டி. ஒய். சந்திரசூட் அதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், முந்தைய பெரும்பான்மைத் தீர்ப்பின் அணுகுமுறையைப் பெரிய அமர்வு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

ஆஸ்திரேலியா எதிர்முனை. அங்கே பண மசோதாக்களைச் செனட் திருத்த முடியாவிட்டாலும் நிறைவேற்றாமல் நிறுத்திவைக்க முடியும். 1975 அக்டோபரில் எதிர்க்கட்சிகள் செனட்டில் செலவு மசோதாக்களை நிறுத்திவைத்தன. அரசின் கஜானா வற்றும் நிலை வந்தது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர், பிரதமர் காஃப் விட்லமைப் பதவிநீக்கம் செய்தார். கீழவையின் நம்பிக்கையைப் பெற்றிருந்த அரசு ஒன்று மேலவையால் வீழ்ந்தது. அந்த அதிகாரம் இன்றும் அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது. இரு அவைகளும் சம வலிமையோடு மோதினால் முறையே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடையாது.

இரு அவைகளும் உடன்படாவிட்டால் என்ன வழிகள் உள்ளன?

பிரிட்டனில் மசோதா இரு அவைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும். பொதுவாகப் பிரபுக்களே இறுதியில் இறங்கி வருவார்கள். பிரான்சில் இரு அவையிலிருந்தும் தலா ஏழு பேரும், ஜெர்மனியில் தலா 16 பேரும் கொண்ட கூட்டுக் குழு சமரச வாசகம் தேடும். ஆஸ்திரேலியாவில் இரு அவைகளையும் ஒருசேரக் கலைத்து மக்களிடம் செல்லலாம். 1914 முதல் 2016 வரை ஏழுமுறை அப்படி நடந்திருக்கிறது. இந்தியாவில் கூட்டுக் கூட்டம். 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையத்தை நீக்குதல், 2002இல் பயங்கரவாதத் தடை ஆகிய மூன்று மசோதாக்களே அவ்வழியில் நிறைவேறியவை. மக்களவையின் எண்ணிக்கை மாநிலங்களவையைப் போல இருமடங்குக்கு மேல் என்பதால் கூட்டுக் கூட்டத்தின் முடிவு பெரும்பாலும் முன்பே தெரிந்ததுதான். கூட்டுக் குழு முறைதான் இவற்றுள் சிறந்தது. வாக்கு எண்ணிக்கைக்கு முன்பு வாசகத்தைப் பற்றிப் பேசக் கட்டாயப்படுத்துவது அது ஒன்றே.

மேலவை சமூக, பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முட்டுக்கட்டை அல்லவா?

பல நேரங்களில் அப்படி இருந்திருக்கிறது. பரம்பரைப் பிரபுக்கள் நிறைந்த பிரிட்டிஷ் அவை 1909 வரவுசெலவுத் திட்டத்தின் நிலவரியை எதிர்த்ததில் சொந்த நலன் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தடுக்கப்பட்ட சீர்திருத்தம் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தபிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் திருத்தம். 1970 செப்டம்பரில் மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் ஆதரவாக 149 வாக்குகளும் எதிராக 75 வாக்குகளும் விழுந்தன. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கின் ஒரு பகுதி குறைந்ததால் அது தோற்றது. அரசு குடியரசுத் தலைவரின் ஆணை மூலம் அதே நோக்கத்தை அடைய முயல, உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற அரசு அதே ஆண்டில் 26ஆவது திருத்தத்தின் மூலம் மானியத்தை ஒழித்தது. தாமதம் ஓராண்டுக்குச் சற்று மேல். இடையில் வாக்காளர்கள் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, உள்ளாட்சி. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தரும் 64ஆவது திருத்த மசோதாவும் நகராட்சிகளுக்கான 65ஆவது திருத்த மசோதாவும் 1989இல் மக்களவையைக் கடந்து மாநிலங்களவையில் தோற்றன. மாநில அரசுகளை ஓரங்கட்டிவிட்டு மத்திய அரசு நேரே ஊராட்சியோடு உறவு வைக்கப் பார்க்கிறது என்பது எதிர்ப்பின் சாரம். 1992 டிசம்பரில் 73ஆவது, 74ஆவது திருத்தங்களாக அதே சீர்திருத்தம் பரந்த ஒப்புதலோடு நிறைவேறியபோது, நடைமுறைப்படுத்துவதில் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டிருந்தது. மாநிலங்களின் இசைவின்றி உள்ளாட்சி இயங்க முடியாது. ஆகவே 1989இன் தோல்வி அந்தச் சீர்திருத்தத்தை அழிக்கவில்லை, அது நிற்கக்கூடிய நிலத்தைத் தேட வைத்தது என்றே கருதத் தோன்றுகிறது. இந்த மூன்றாண்டு இழப்பைப் பெரிதாக எண்ணுவோரும் உண்டு. அந்தக் கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, ஜப்பானின் அஞ்சல்துறைத் தனியார்மயம். 2005 ஆகஸ்டில் ஆலோசகர் அவை அந்த மசோதாக்களை நிராகரித்தது. பிரதமர் கொய்சுமி, மறுத்த அவையைக் கலைக்க முடியாததால், நிறைவேற்றிக் கொடுத்த கீழவையைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலில் அவருக்குக் கிடைத்த வெற்றியைப் பார்த்ததும் மேலவை தன் நிலையை மாற்றிக்கொண்டு அக்டோபரில் மசோதாக்களை நிறைவேற்றியது.

மூன்றிலும் பொதுவான ஒன்று, மேலவையின் மறுப்புக்குப் பிறகு சீர்திருத்தம் மக்களின் தெளிவான ஆணையையோ விரிந்த உடன்பாட்டையோ தேடிப் போனது. அப்படித் தேடக் கிடைத்தவுடன் மறுப்பு கரைந்தது. கரையாமல் நீடிக்கும் மறுப்பே ஆபத்தானது. சட்டத்தில் கால எல்லை வைப்பது அதற்காகத்தான்.

தேர்தலில் நிற்காதவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைத் தடுப்பது எந்த வகையில் நியாயம்?

தடுத்தால் நியாயமில்லை, மறுபடி யோசிக்கக் கேட்டால் நியாயம் உண்டு. 1945இல் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றபோது பழமைவாதக் கட்சியினர் பிரபுக்கள் சபையில் பெரும்பான்மையாக இருந்தனர். தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாக இடம்பெற்ற மசோதாவை, அதன் கொள்கையை ஏற்பதா என்று முடிவு செய்யும் இரண்டாம் வாசிப்பில் தோற்கடிப்பதில்லை என்று அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, சால்ஸ்பரி மரபு என்ற பெயரில் இன்றும் பின்பற்றப்படுகிறது. நியமன அவையொன்று இப்படித் தன் எல்லையை அறிந்திருக்கும்வரை அதன் இருப்பைச் சகித்துக்கொள்ளலாம்.

மேலவை மாநிலங்களின் குரல் என்கிறார்களே, அது உண்மையா?

ஜெர்மனியில் உண்மை. பூந்தெஸ்ராட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மூன்று முதல் ஆறு வாக்குகள். அவற்றைப் பிரிக்காமல் ஒரே பக்கமாகத்தான் அளிக்க வேண்டும். 2002இல் குடியேற்றச் சட்டத்தின்போது பிராண்டன்பர்க் மாநிலத்தின் கூட்டணி அமைச்சர்கள் மாறுபட்டு வாக்களிக்க, அதை ஆதரவு வாக்காகவே எண்ணிச் சட்டம் நிறைவேறியதாக அறிவித்தார்கள். அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த எண்ணிக்கையை ஏற்காமல் சட்டத்தையே செல்லாததாக்கியது. வாக்கு உறுப்பினருடையது அன்று, மாநிலத்துடையது என்ற கருத்து அங்கே அவ்வளவு ஆழமானது.

இந்திய மாநிலங்களவைக்கும் கூட்டாட்சி சார்ந்த தனி அதிகாரங்கள் உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் தேசிய நலன் கருதி நாடாளுமன்றம் சட்டமியற்றவும், புதிய அகில இந்தியப் பணி உருவாக்கவும், முதலில் அந்த அவை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஆனால் இடங்கள் பெரும்பாலும் மக்கள்தொகையை ஒட்டியே பகிரப்பட்டுள்ளன. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சில சிறு மாநிலங்களுக்கு ஒன்று. 2003இல் சட்டம் திருத்தப்பட்டு, அந்தந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன்பின் அந்த அவை மாநிலங்களின் குரலாக இருப்பதைவிடக் கட்சிகளின் குரலாக இருப்பது கூடியிருக்கிறது.

கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1985இல் வந்த பத்தாவது அட்டவணை இரு அவைகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறது. அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் மக்களவையில் கொறடாவை மீறுவோர் பதவியிழப்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். நம்பிக்கை வாக்கெடுப்பே இல்லாத மாநிலங்களவையில் அதே தண்டனைக்கு என்ன காரணம் என்பது விளங்கவில்லை. மறுபரிசீலனைக்கென்று ஓர் அவையை அமைத்துவிட்டு, மறுபரிசீலனை செய்பவரைப் பதவிநீக்கத்தால் அச்சுறுத்துவது பொருந்தாத ஏற்பாடு.

மேலவையை ஒழித்த நாடுகளில் என்ன நடந்தது?

நியூசிலாந்தில் நியமன மேலவை நெடுங்காலமாகச் செயலற்றுக் கிடந்தது. 1950இல் அரசு, அவையை ஒழிக்க வாக்களிப்பதற்கென்றே புதிய உறுப்பினர்களை நியமித்தது. அவர்களுக்குத் 'தற்கொலைப் படை' என்று பெயர் வந்தது. 1951 முதல் ஓரவை. ஒழித்தபின் வந்த பல பத்தாண்டுகளில் அரசின் கையில் அதிகாரம் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டது என்ற மனக்குறை அங்கே வளர்ந்தது. 1993 பொதுவாக்கெடுப்பு வழியே தேர்தல் முறையே மாற்றப்பட்டு, 1996 முதல் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் (வாக்குப் பங்குக்கேற்ப இடங்கள்) நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களின் கருத்துகளைக் கேட்கும் தேர்வுக் குழுக்கள் அங்கே மேலவையின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கின்றன. டென்மார்க் 1953இலும் சுவீடன் 1971 தொடக்கத்திலும் ஓரவைக்கு மாறின. விகிதாச்சாரத் தேர்தலும் கூட்டணி அரசுகளும் அங்கு முன்பே வேரூன்றியிருந்ததால் இழப்பு பெரிதாகத் தெரியவில்லை.

இலங்கையின் செனட் 1947 முதல் 1971 வரை இருந்தது. 30 உறுப்பினர்களில் பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க, மறுபாதியினர் பிரதமரின் பரிந்துரையால் வந்தனர். இரு வழியும் ஒரே பெரும்பான்மையிடம் போய்ச் சேர்ந்ததால் அந்த அவை எதையும் தடுத்து நிறுத்தும் வலிமையைப் பெறவே இல்லை.

இந்திய மாநிலங்களில் ஒழிப்பும் மீட்பும் கட்சிக் கணக்கோடு ஒட்டியே நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் மேலவை 1986 நவம்பர் 1 அன்று ஒழிந்தது. அதை மீட்க 2010இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் அவை அமையவில்லை. ஆந்திரத்தில் 1985இல் ஒழிக்கப்பட்டு 2007இல் மீண்டது.

மேலவையைச் சீர்திருத்த முயன்றவர்கள் ஏன் தோற்கிறார்கள்?

1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தின் முகவுரை, பரம்பரை அவைக்குப் பதிலாக மக்கள் அடிப்படையிலான இரண்டாம் அவையை அமைப்பதே நோக்கம், ஆனால் அதை உடனடியாகச் செய்ய இயலாது என்று கூறுகிறது. அந்த 'உடனடியாக' இன்னும் வரவில்லை. 2012இல் உறுப்பினர்களில் 80 விழுக்காட்டினரை 15 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் மசோதா கீழவையான காமன்ஸ் சபையின் இரண்டாம் வாசிப்பில் பெரும் ஆதரவோடு தேறியும், ஆளுங்கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்களின் அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. சால்ஸ்பரி மரபு போன்ற அடக்கமெல்லாம், தாங்கள் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்ற உணர்விலிருந்து பிறந்தவை. தேர்தலில் வென்று வரும் மேலவை உறுப்பினர் அந்த அடக்கத்தை ஏன் கடைப்பிடிக்க வேண்டும்? உறுப்பினர் அமைப்பை மட்டும் மாற்றி அதிகாரத்தை அப்படியே விட்டால், அதே சட்ட வாசகத்தின் கீழ் முற்றிலும் வேறான அவை ஒன்று உருவாகும். தேர்தல் முறையையும் அதிகாரத்தையும் தனித்தனியாகப் பேசும் எந்தச் சீர்திருத்தத் திட்டமும் இந்த இடத்தில்தான் உடைகிறது.

இன்னொரு தடை, சீர்திருத்தம் வேறொன்றின் மீதான தீர்ப்பாக மாறிவிடுவது. 1969இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் தெகோல் செனட்டையும் பிராந்திய நிர்வாகத்தையும் மாற்ற வாக்கெடுப்பு நடத்தித் தோற்றுப் பதவி விலகினார். 2016 டிசம்பரில் இத்தாலியின் பிரதமர் ரென்சி செனட்டின் அதிகாரத்தைக் குறைக்கும் திட்டத்தை மக்கள் முன் வைத்து, ஏறக்குறைய 59 விழுக்காடு எதிர்ப்பு வாக்குகளால் வீழ்ந்தார். 2013இல் அயர்லாந்து மக்கள் செனட் ஒழிப்பை 51.7 விழுக்காட்டு வாக்குகளால் மறுத்தனர். கனடாவில் தடை சட்ட வடிவிலேயே இருக்கிறது: செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு, மக்கள்தொகையில் பாதியைக் கொண்ட ஏழு மாகாணங்களின் இசைவும், ஒழிப்பதற்கு எல்லா மாகாணங்களின் இசைவும் வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மக்கள் ஏற்றுக்கொண்டாலும் முடிந்துவிடுவதில்லை. அயர்லாந்தில், பட்டதாரிகள் செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகத் தொகுதிகளில் வாக்களிக்கும் உரிமையைப் பிற உயர்கல்வி நிறுவனங்களின் பட்டதாரிகளுக்கும் விரிக்க 1979இலேயே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அதைச் செயல்படுத்தும் சட்டம் பல பத்தாண்டுகள் வராமல், 2023இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

அப்படியானால் வெற்றி பெற்ற சீர்திருத்தமே இல்லையா?

உண்டு, அவை பெரும்பாலும் அரசியலமைப்பைத் தொடாத சிறிய மாற்றங்கள். பிரிட்டனில் 1958ஆம் ஆண்டின் வாழ்நாள் பிரபுப் பட்டச் சட்டம், மருத்துவர், அறிஞர், தொழிற்சங்கத்தவர் எனப் பலதுறையினரை அவைக்குள் கொண்டுவந்தது. பெண்களும் அதன் மூலமே முதன்முறையாக அங்கு அமர்ந்தனர். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களை வெளியேற்றியபின், அரசின் மசோதாக்களைக் கேள்வி கேட்பதில் அந்த அவைக்குத் துணிவு கூடியது. ஆஸ்திரேலியாவில் 1948இல் சாதாரணச் சட்டம் ஒன்றின் வழியே செனட் தேர்தலுக்கு விகிதாச்சார முறை வந்தது. கீழவையின் நிழலாக இருந்த செனட்டில் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் நுழைய, இன்று எந்த அரசும் அங்கே பேசிப் பேசியே மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

கனடாவின் கதை அண்மையது. 2016 முதல் ஒரு சுதந்திர ஆலோசனைக் குழு தகுதியானவர்களின் பெயர்களைப் பிரதமருக்குப் பரிந்துரைக்கிறது. கட்சி சாரா செனட்டர்களின் எண்ணிக்கை விரைவில் பெருகியது. அதே 2016 ஜூனில், மருத்துவ உதவியோடு உயிர் துறப்பதை அனுமதிக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. இயற்கை மரணம் எதிர்பார்க்கக்கூடிய நிலையில் இருப்போருக்கு மட்டுமே அந்த உரிமை என்ற நிபந்தனை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று செனட் அதை நீக்கித் திருப்பி அனுப்பியது. காமன்ஸ் சபை அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. செனட் தன் கருத்தைப் பதிவு செய்துவிட்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு வழிவிட்டது. 2019இல் கியூபெக் மாகாண உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கியது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலிருந்து நீக்கியது.